கிளை நூலகத்தில் ஊர் வரலாற்றுக்கு ஓர் அலமாரி: எதைச் சேர்ப்பது, யாரிடம் ஒப்படைப்பது?

அரசலாற்றங்கரை

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றின் கரையில் இருக்கிறது. ஊரைப் பற்றி அச்சான எதையும் பழைய பேப்பர் கடையில் போடாமல் எங்களிடம் கொடுங்கள் என்று கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த நாங்கள் சிலர் வீடு வீடாகக் கேட்டு வாங்கி வருகிறோம். கோயில் குடமுழுக்கு மலர்கள், பள்ளி நூற்றாண்டு விழா மலர், கூட்டுறவுக் கடன் சங்கத்தின் ஆண்டறிக்கைகள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், மகாமகத்தையொட்டி அச்சான வழிகாட்டிச் சிறுநூல்கள், பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் வழியாக வந்து சேர்ந்த கடிதங்கள் என ஒரு மரப்பெட்டி நிறைந்து, இரண்டாவது பெட்டியும் நிறையப் போகிறது.

இவற்றை எங்கள் கிளை நூலகத்துக்கே கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். வட்டத்தில் மூத்தவர் ஒருவர் தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ அனுப்புவதுதான் பாதுகாப்பு என்கிறார். பக்கத்து ஊர்க் கிளை நூலகம் ஒன்றுக்கு அன்பளிப்பாகப் போன மலர்கள் சில ஆண்டுகளுக்குப் பின் நைந்த நாவல்களோடு சேர்த்துக் கழிக்கப்பட்டதை அவர் கண்ணால் பார்த்தவர். ஆகவே அவருடைய அச்சத்தைத் தள்ளிவிட முடியவில்லை. நூலகத் துறையிலும் ஆவணப் பணியிலும் அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பழைய நூலகர்

கிளை நூலகங்களிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த மலர்கள் கழிக்கப்பட்டதற்கு நூலகரின் அலட்சியத்தை மட்டும் காரணமாகச் சொல்வது சரியாகாது. நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் எண் பெறாத எந்தத் தாளும் நிர்வாகத்தின் கண்ணுக்கு இல்லாத பொருள்தான். எண் பெற்றுவிட்டாலோ, ஒவ்வோர் இருப்புச் சரிபார்ப்பின் போதும் நூலகர் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். காணாமற் போனால் பொறுப்பு அவர் தலையில் விழும். விலையும் முதுகுப்பட்டையும் இல்லாத எட்டுப் பக்கத் துண்டுப் பிரசுரத்தைப் பதிவு செய்ய எந்த நூலகர் முன்வருவார்? வாங்கி ஓர் ஓரத்தில் வைப்பார். அடுத்து மாற்றலாகி வருபவருக்கு அது குப்பையாகத் தெரியும்.

இதற்கு ஒரு வழி உண்டு. தாள்களைத் தனித்தனியாகப் பதியாமல் பொருள்வாரியாக அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, ஒரு பெட்டியை ஓர் இனமாகப் பதிவு செய்யுங்கள். உள்ளே இருப்பவற்றின் பட்டியல் ஒன்றைப் பெட்டியின் மூடியில் ஒட்டி, அதன் படியை நூலகரிடமும் இன்னொரு படியை வாசகர் வட்டத்திடமும் வையுங்கள். குறிப்புதவிப் பிரிவுக்கு உரியது, இரவல் இல்லை என்று முத்திரை குத்திவிட்டால் பாதித் தொல்லை தீரும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து ஊர் மக்கள் கட்டும் நூலக வரியில்தான் இந்த நூலகங்கள் நடக்கின்றன. அப்படியிருக்க, ஊரைப் பற்றிய தாள்களுக்கு அங்கே ஓர் அலமாரி கேட்பது சலுகை கேட்பதாகாது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர் என்பதை நம் பக்கத்து நூலகர்களுக்கு அவ்வப்போது நினைவூட்டுவதில் தவறில்லை.

சுவடிப்புலம்

தஞ்சாவூருக்கு அனுப்பலாம் என்று சொல்லும்போது பலர் மனத்தில் இருப்பது சரசுவதி மகால் நூலகம் என்று நினைக்கிறேன். நாயக்கர், மராட்டியர் அரண்மனைச் சேகரிப்பாக வளர்ந்து, இரண்டாம் சரபோஜியின் காலத்தில் பெருகி, 1918இல் பொதுமக்களுக்கு உரியதான நூலகம் அது. அதன் சிறப்பு சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, மராத்தி ஓலைச் சுவடிகளிலும் காகிதச் சுவடிகளிலும் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால், அதைத் தேடி வரக்கூடிய வாசகர் அங்கே வரப்போவதில்லை.

ஆனால் எதிர்த்திசையில் ஒரு வேலை இருக்கிறது. அரண்மனையின் மோடி எழுத்து (மராத்தியை விரைந்து எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறை) ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கத்தோடும் குறிப்புரையோடும் மூன்று தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. சத்திரச் செலவு, நெல் விலை, கோயில் கட்டளை, வழிப்போக்கர்களுக்கு அளந்த அரிசி என்று சிற்றூர்களின் அன்றாடம் அரண்மனைக் கணக்கின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தையும் நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரத்தையும் தினமும் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு, அவற்றின் கணக்குகளைத் தமிழில் படிக்க முடியும் என்பது தெரியும்? உங்கள் கிளை நூலகத்துக்குத் தேவையான முதல் நூல், நம் ஊரைப் பற்றிய ஆவணங்கள் எங்கெங்கே உள்ளன என்று சொல்லும் ஒரு கையேடுதான். கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் உங்கள் ஊரின் கோயில் வருகிறதா, 1883இல் வெளியான வெங்கசாமி ராவின் தஞ்சை மாவட்டக் கையேட்டிலும் 1906இல் வெளியான ஹெமிங்வேயின் கெஜட்டியரிலும் எந்தப் பக்கத்தில் வருகிறது, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்தத் தொகுதியைக் கேட்க வேண்டும் என்று ஒரு குயர் நோட்டில் எழுதத் தொடங்கினால் போதும். பெட்டியில் சேரும் தாள்களுக்கு அந்த நோட்டுத்தான் முன்னுரை.

தரங்கை அலை

சுவடிப்புலம் சொல்வதை நான் முழுமனத்தோடு வழிமொழிகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரான தரங்கம்பாடியின் நிலை இன்னும் விசித்திரமானது. 1620இல் டேனியர் வந்தது முதல் 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனது வரையிலான நிர்வாக ஆவணங்களைப் பார்க்கக் கோபன்ஹேகனுக்குப் போக வேண்டும். 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதிய கடிதங்களைப் பார்க்க ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போக வேண்டும். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஊரில் அந்த அச்சகம் பற்றிப் படிக்க விரும்பும் பள்ளி மாணவன், ஊர் நூலகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புகிறான்.

அவ்வளவு தொலைவு கூடப் போக வேண்டாம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் 1986 வரை ரயில் ஓடியது. அதில் பயணம் செய்தவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அந்தப் பாதையின் கால அட்டவணையோ பயணச்சீட்டோ நிலையத்தின் புகைப்படமோ யாரிடமாவது இருந்தால் அவற்றை வாங்கி வைக்க வேண்டிய காலம் இதுதான். டேனியர் ஆவணத்தைக் கோபன்ஹேகன் காப்பாற்றும். ரயில் சீட்டை எங்களைத் தவிர வேறு யார் காப்பாற்றுவார்கள்?

கீழத்தஞ்சை

இதுவரை பட்டியலிட்ட பொருள்களைக் கவனித்தீர்களா? குடமுழுக்கு மலர், நூற்றாண்டு மலர், கச்சேரியோடு கூடிய கல்யாணத்தின் அழைப்பிதழ். அச்சகத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களின் வரலாறுதான் அந்தப் பெட்டிகளில் இருக்கிறது. நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் மலர் வெளியிடவில்லை. அந்தப் பெட்டியை அப்படியே ஊர் வரலாறு என்று பெயரிட்டு நூலகத்தில் வைத்தால், ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவர்கள் இந்த ஊரில் பண்ணையாட்களே இருந்ததில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கீழத்தஞ்சையின் இருபதாம் நூற்றாண்டைப் புரிந்துகொள்ள வேண்டிய தாள்கள் வேறு வகையானவை. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எப்படி நடைமுறைக்கு வந்தது, எந்த ஊரில் வராமலே போனது என்பதைச் சொல்லும் மனுக்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கூலி உயர்வு நோட்டீசுகள். அறுவடைக் கூலி குறித்து மிராசுதார்களும் சங்கமும் தாசில்தார் முன்னிலையில் கையெழுத்திட்ட உடன்பாடுகள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் எரித்துக் கொல்லப்பட்ட பின், கிழக்குத் தஞ்சையின் வேளாண் தொழிலாளர் பிரச்சினையை விசாரிக்க கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது; 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்த ஆணையத்தின் அறிக்கையின் ஒரு படியாவது நாகை, திருவாரூர் மாவட்டங்களின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வெண்மணியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நூலகத்தில் அது இல்லையென்றால் வேறு எங்கே இருந்து என்ன பயன்?

தாளே இல்லாத இடத்தில் குரலைப் பதிவு செய்யுங்கள். நடவுப் பாட்டு மட்டும் போதாது; அதைத்தான் எல்லோரும் பதிவு செய்கிறார்கள். எந்த மரக்காலில் கூலி அளந்தார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள், முதன்முதலில் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பெண் யார், அவளை அனுப்பியவர் யார் என்று கேளுங்கள். பேசியவரின் ஒப்புதலை எழுத்திலோ குரலிலோ வாங்கி அதனோடு இணைத்து வையுங்கள்.

அரசலாற்றங்கரை

கீழத்தஞ்சை தோழர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாலை வட்டத்தில் பேசினோம். எங்கள் பெட்டியில் தெற்குத் தெருவிலிருந்து வந்தது என்று சொல்ல, மன்றம் ஒன்றின் கபடிப் போட்டி நோட்டீசைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது உண்மை. அந்தத் தெருவைச் சேர்ந்த இருவர் வட்டத்தில் சேர இசைந்திருக்கிறார்கள். எதைக் கேட்பது, எதைப் பெட்டியில் வைப்பது என்பதை இனி அவர்களும் முடிவு செய்வார்கள்.

வேறு இரண்டு சிக்கல்கள் எழுந்துள்ளன. அழைப்பிதழ்களிலும் கடிதங்களிலும் குடும்பச் செய்திகள் இருக்கின்றன. பாகப்பிரிவினைச் சண்டையைப் பற்றிய கடிதங்கள்கூட உண்டு. அவற்றை யாரும் எடுத்துப் பார்க்கும்படி வைக்கலாமா? மேலும், பெரும்பாலான நோட்டீசுகளில் தமிழ் வருடம் மட்டுமே அச்சாகியிருக்கிறது. காலத்தை எப்படிக் கணிப்பது?

மின்வருடி

மேலே உள்ள பாதிக் கவலைகள் அலமாரியைப் பற்றியவை. அலமாரியே வேண்டாம் என்கிறேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் கரையானும் இல்லை, இருப்புச் சரிபார்ப்பும் இல்லை, மாற்றலாகிப் போகும் நூலகரும் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கிறோம். நானூறு டிபிஐ அளவில் வண்ணத்தில் எடுத்து, டிஃப் வடிவில் ஒரு படியும் பார்ப்பதற்குப் பிடிஎஃப் வடிவில் ஒரு படியும் வைத்து, இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். மூலத்தைச் சென்னையில் உள்ள பெரிய நூலகம் எதற்காவது கொடுத்துவிடலாம்.

சுவடிப்புலம்

மின்வருடி ஐயா சொல்லும் அளவுகள் சரியானவை. முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் உலகெங்கும் ஆவணங்களை எண்மமாக்க, அதாவது டிஜிட்டல் படியாக்க, பணம் கொடுக்கிறது. தமிழகத்தின் வேளாண் வரலாற்று ஆவணங்களும் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியாக அத்திட்டத்தில் படம்பிடிக்கப்பட்டன. மூல ஆவணம் பிறந்த நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பது அத்திட்டத்தின் அடிப்படை விதி. எண்மப் படிக்குப் பணம் கொடுப்பவர்களே மூலம் அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று கருதும்போது, அலமாரியைக் கைவிட நமக்கு என்ன அவசரம்? தவிர, இணையத்தில் ஏற்றுவதற்குப் பதிப்புரிமை குறுக்கே நிற்கும். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ஒரு விழா மலரில் இருபது கட்டுரைகள் இருந்தால் இருபது பேருடைய உரிமை. விலைக்குக் கிடைக்காத நூலைப் பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே நூலகத்துக்குள் வைத்துக்கொள்வதற்குத் தடை குறைவு, உலகத்துக்குத் திறந்துவிடுவதற்குத் தடை அதிகம்.

காலக்கணிப்புக்கு வருகிறேன், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். விபவ வருடம் தை மாதம் என்று மட்டும் இருந்தால் அது 1929ஆகவும் இருக்கலாம், 1989ஆகவும் இருக்கலாம். தாளே இதைத் தீர்த்து வைக்கும். விலையோ நன்கொடையோ அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. மாயவரம் என்றிருக்கிறதா மயிலாடுதுறை என்றிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாறியது 1982இல். ஆனால் இன்றும் மாயவரம் என்று அச்சடிப்பவர்கள் உண்டு என்பதால் இந்தச் சான்று ஒரு பக்கம் மட்டுமே வெட்டும். நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்றிருந்தால் 1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்ததற்கும் 1997இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டதற்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளுக்குள் தாள் வந்து விழுந்துவிடும்.

எழுத்துரு இவை எல்லாவற்றையும்விடச் சுவையானது. துதிக்கை போன்ற பழைய கொம்போடு லை, னை ஆகிய எழுத்துகள் இருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்படக் கூடாது. சிற்றூர் அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளைத் தேயும் வரை பயன்படுத்தின. ஆகவே பழைய வடிவம் எண்பதுகளிலும் தென்படும். மறுபக்கம், பெரியார் 1935 முதலே குடிஅரசில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். அதைப் பின்பற்றிய சுயமரியாதைக் கூட்ட நோட்டீசு ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், எழுத்தை மட்டும் பார்த்து அதை எண்பதுகளில் வைத்துவிடுவீர்கள். ஒரே தாளில் குறைந்தது இரண்டு சான்றுகள் ஒத்துப்போன பிறகே ஆண்டை எழுதுங்கள். அதையும் சதுர அடைப்புக்குள் எழுதி, எதை வைத்துக் கணித்தீர்கள் என்பதைப் பட்டியலில் குறியுங்கள். இவ்வளவையும் ஸ்கேனர் செய்யாது. ஊரில் உட்கார்ந்து, அச்சகப் பெயரைப் பார்த்தவுடன் அது எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள்தான் செய்ய முடியும்.

மன்னைவாசி

மன்னார்குடியில் 1931இல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய கதையை இங்கே யாரும் சொல்லவில்லையே என்று வருந்துகிறேன்! அது இருக்கட்டும். தாள்களைக் கையாள்வது பற்றிச் சில செய்திகள், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு அழிக்கப்பட்ட தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள்; பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேட் செய்வது அதைவிடக் கொடியது, சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து தாளைத் திரும்ப எடுக்கவே முடியாதபடி செய்துவிடும். மலர்களில் உள்ள இரும்புப் பின்களை ஐப்பசி அடைமழைக்கு முன்பே நீக்கி, வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். நாப்தலீன் உருண்டையின் ஆவி அலமாரியைத் திறப்பவருக்குத்தான் கேடு. இராமபாணப் பூச்சிக்கு எதிராக அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டிப் பார்ப்பதே போதுமான மருந்து. அடித்தட்டைக் காலியாக விடுங்கள். நம் பக்கத்தில் வெள்ளம் வாசற்படி ஏறாத ஊர் எது?

காரைக்கால் நிரவி

அரசலாறு எங்கள் ஊரில்தான் கடலில் கலக்கிறது. ஆகவே ஒரு வார்த்தை. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எங்கள் நூலகங்கள் புதுச்சேரி அரசைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் பொது நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவுக்கு இங்கே வேலையில்லை. ஆனால் உங்கள் ஊரில் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். பிறப்பு, திருமணப் பதிவுகள் பிரெஞ்சில் இருக்கின்றன. கையேட்டை எழுதும்போது மாவட்ட எல்லையில் நின்றுவிடாதீர்கள். ஒரே ஊர் தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று 1991க்கும் 2020க்கும் இடையில் மூன்று மாவட்டங்களின் பெயரில் இருந்திருக்கலாம். தேடும்போது மூன்று பெயர்களிலும் தேட வேண்டும்.

பழைய நூலகர்

குடும்பக் கடிதங்களைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. கொடுத்த குடும்பத்தாரிடமே கேளுங்கள். எத்தனை ஆண்டுகள் மூடி வைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதை உறையின் மேல் எழுதி, அந்தப் பெட்டியை நூலகரின் மேசைக்குப் பின்னால் உள்ள பூட்டிய அலமாரியில் வையுங்கள். சொல்ல விரும்பாதவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படி எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பாகப்பிரிவினைச் சண்டை இன்னும் நீதிமன்றத்தில் இருக்கலாம்.

மூலத்தைச் சென்னைக்கு அனுப்புவது பற்றி: மையச் சேகரிப்புகளின் அருமை எனக்குத் தெரியும். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி கன்னிமாரா நூலகத்துக்கு நாட்டில் வெளியாகும் நூல்கள் போய்ச் சேர வேண்டும். ஆனால் கல்யாண அழைப்பிதழையும் கபடி நோட்டீசையும் எந்த அச்சகம் அனுப்பியது? இரட்டைப் படி உள்ள மலர்களில் ஒன்றைச் சென்னைக்கு அனுப்புங்கள். ஒற்றைப் படியாக உள்ளது ஊரில் இருக்கட்டும்.

அரசலாற்றங்கரை

எங்கள் வட்டம் இப்படி முடிவு செய்துள்ளது. முதலில் கூட்டுறவுச் சங்க அறிக்கைகளை ஒப்படைக்கிறோம். அவற்றில் குடும்ப ரகசியம் இல்லை, ஆண்டும் அச்சாகியிருக்கிறது, எந்த ஆண்டில் நடவுக்கு எவ்வளவு கடன் கொடுத்தார்கள் என்பதை வேறு எங்கும் பார்க்க முடியாது. கடிதங்கள், எத்தனை ஆண்டுகள் மூடி வைப்பது என்ற கேள்வியோடு, உரியவர்களின் வீடுகளுக்குத் திரும்பிப் போகும். ஆவணக் கையேட்டைத் தொடங்க ஓர் ஆசிரியை பொறுப்பேற்றிருக்கிறார். தெற்குத் தெருவில் குரல் பதிவை அந்தத் தெருவின் இருவரே நடத்துவார்கள். நாங்கள் கருவியை மட்டும் கொடுக்கிறோம்.

ஒப்படைப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனையைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று மட்டும் பழைய நூலகர் ஐயா சொல்ல வேண்டும்.

பழைய நூலகர்

இரண்டு நிபந்தனைகள். முதலாவது, இப்பெட்டிகள் இருப்புச் சரிபார்ப்பில் பெட்டிக் கணக்காக எண்ணப்படும், உள்ளிருக்கும் தனித்தாள்களுக்கு விலை மதிப்பு இல்லை. இது நூலகரைக் காப்பாற்றும். அவர் அஞ்சாமல் கையெழுத்திடுவார். இரண்டாவது, எக்காரணத்தாலும் கழிவு செய்யும் நிலை வந்தால் வாசகர் வட்டத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, 90 நாள்கள் காத்திருந்து, அவர்கள் கேட்டால் திருப்பித் தர வேண்டும். கடிதத்தை மூன்று படிகளாக எழுதி, ஒன்றை மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பி ஒப்புதல் எண் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பென்சிலால் ஒவ்வொரு பெட்டியின் அடிப்புறத்திலும் எழுதுங்கள். மேற்புறம் எழுதினால் அடுத்த வெள்ளையடிப்பின் போது துடைத்துவிடுவார்கள்.